நொத்தாரிசு இல்லாத உறுதி

“இடையில் ஆள் இல்லை.” கொழும்பில் பிளொக்செயின் பற்றி யார் வாய் திறந்தாலும் முதலில் வந்து விழுகிற வசனம் இதுதான். வெள்ளவத்தையில் காலி வீதியோரத்து மேல்மாடி வகுப்புகளில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்கு வருகிற பட்டதாரிப் பிள்ளைகள் இதை மனப்பாடமாக ஒப்புவிக்கிறார்கள். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு இதையே சொல்கிறார். ஸ்மார்ட் ஒப்பந்தம் சங்கிலியில் ஏறிவிட்டால் அதை எவராலும் மாற்ற முடியாது. அதோடு பேச ஆயத்தமான கிளையன்ட் கிட் இருக்கிறது. அது வெறும் குழாய். நாலு வரி எழுதினால் அலுவல் முடிந்தது. வங்கி வேண்டாம், தரகர் வேண்டாம், சீட்டுப் பிடிக்கிற அக்காவும் வேண்டாம்.

இது பிழை. இதை நம்பிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். இதை நம்பி மென்பொருள் எழுதப் பழகுகிற பிள்ளைகள் நம்முடைய தெருக்களில் இருக்கிறார்கள். இடையில் ஆள் இருக்கிறார். குழாய் என்று சொல்கிறீர்களே, அந்தக் கிட்தான் அந்த ஆள். நீங்கள் சொல்ல நினைப்பதை ஒப்பந்தத்தின் பாஷையில் எழுதுவதும், ஒப்பந்தம் சொன்னதை உங்கள் பாஷையில் திருப்பிச் சொல்வதும் அவர்தான். அவர் பொய் சொன்னால் சங்கிலிக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

கொட்டாஞ்சேனையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஜம்பட்டா வீதியை அண்டிய தொடர்மாடி வீடொன்றுக்கு மூன்று இளைஞர்கள் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரின் தாயார் இருபது வருடமாகச் சீட்டுப் பிடிக்கிறவர். பன்னிரண்டு பேர், மாதம் பத்தாயிரம் ரூபாய். முதல் நாளே குலுக்கி யாருக்கு எந்த மாதம் என்று முறை போட்டுவிடுவார். அந்தச் சீட்டை எதேரியம் என்ற சங்கிலியின் செபோலியா பரிசோதனை வலையமைப்பில் ஒப்பந்தமாக எழுதியிருந்தார்கள். ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்தேன். நல்ல வேலை. தவணைத் திகதி கடந்தால் பணத்தை ஏற்காது. முறை தவறி யாருக்கும் கொடுக்காது. எழுதியவர்களே நினைத்தாலும் கை வைக்க முடியாது.

பிறகு திரையைப் பார்த்தேன். “கட்டு” என்ற பொத்தானை அழுத்தியதும் இரண்டு செக்கனில் பச்சை நிறத்தில் “பணம் கட்டியாச்சு” என்று வந்தது. எதேரியத்தில் ஒரு புளொக்குக்கும் அடுத்த புளொக்குக்கும் இடையில் 12 செக்கன் இருக்கிறது. இரண்டு செக்கனில் எப்படிக் கட்டியாகும்? கோட்டைத் திறந்து பார்த்தோம். கிட், பரிவர்த்தனையை ஒரு நோட்டிடம், அதாவது சங்கிலியை வைத்திருக்கும் கணினியொன்றிடம் கையளித்து, அதன் அடையாள இலக்கத்தைக் கையில் வாங்கியவுடனேயே பச்சை விளக்கைப் போடும்படி எழுதியிருந்தார்கள். தபால் பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டதும் “கிடைத்தது” என்று ஒப்பம் வாங்குவது மாதிரி. வகுப்பில் காட்டிய நாலு வரி உதாரணம் அந்த இடத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வரவேண்டிய ஐந்தாவது வரி, அதாவது புளொக்கில் ஏறும்வரை காத்திருந்து பற்றுச்சீட்டை வாங்கி, அதில் வெற்றியா தோல்வியா என்று பார்க்கும் வரி, அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை.

தவணை முடியப் பத்துச் செக்கன் இருக்கையில் பொத்தானை அழுத்திப் பரிசோதித்தோம். கைத்தொலைபேசியில் பச்சை. ஒப்பந்தத்திடம் கேட்டால் கட்டவில்லை என்கிறது. பிந்தி வந்தது என்று திருப்பி அனுப்பிவிட்டது. ஒப்பந்தம் சரியாகவே நடந்துகொண்டது. ஆனால் கட்டியவருடைய கையில் இருக்கும் தொலைபேசி கட்டியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. நிஜச் சீட்டில் இப்படி நடந்திருந்தால் அந்த மாடிப்படியில் எவ்வளவு பெரிய சண்டை வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேநீர் கொண்டுவந்த அந்தத் தாயார் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, நான் காசை எண்ணி வாங்கின பிறகுதானே கொப்பியில எழுதுவேன். இது எண்ணாமலே எழுதுதே.” கிளையன்ட் கிட் பற்றி இவ்வளவு சரியான விமர்சனத்தை நான் எந்த விரிவுரையிலும் கேட்டதில்லை.

இரண்டாவது பிழை இதைவிட ஆபத்தானது. அவர்கள் பயன்படுத்திய டொலர் டோக்கனுக்குத் தசமதானம் ஆறு. எதேரியத்தின் சொந்த நாணயமான ஈதருக்குப் பதினெட்டு. ஒரு ஈதர் என்றால் ஒன்றுக்குப் பின்னால் பதினெட்டுப் பூச்சியம் என்று மாற்றித் தரும் ஒரு வசதியான செயல் கிட்டில் இருக்கிறது. பிள்ளைகள் டொலருக்கும் அதையே போட்டுவிட்டார்கள். ஒரு தொகையை நேரே அனுப்பியிருந்தால் கையிருப்பு போதாது என்று நின்றிருக்கும். அவர்கள் அனுப்பியதோ அனுமதிச் சீட்டு: “இந்த ஒப்பந்தம் என் கணக்கிலிருந்து இவ்வளவு எடுக்கலாம்” என்ற உத்தரவு. அனுமதி கொடுக்கும்போது டோக்கன் கையிருப்பைச் சரிபார்ப்பதில்லை. 35 டொலருக்குக் கொடுக்க நினைத்த அனுமதி 35 இலட்சம் கோடி டொலருக்குப் போயிருந்தது. திரையில் 35 என்றுதான் இருந்தது. சங்கிலியில் இருந்தது வேறு. இடையில் கணக்கை மாற்றி எழுதியது யார்?

கிட் செய்கிற வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சங்கிலியில் கிடக்கிற ஒப்பந்தத்துக்கு “சீட்டுக் கட்டு” என்ற பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நான்கு பைட் அடையாளமும் அதன் பின்னால் 32 பைட் 32 பைட்டாக அடுக்கிய பெட்டிகளும்தான். செயலின் பெயரையும் உள்ளீடுகளின் வகைகளையும் கெச்சாக் என்ற கணிப்பில் போட்டு அரைத்து, வருவதில் முதல் நான்கு பைட்டை வெட்டி எடுப்பது கிட். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் எதேரியச் சங்கிலியில் இல்லை. நிரல் எழுதுபவர்தான் அதைக் கிட்டின் கையில் கொடுக்கிறார். பிழையான பட்டியலைக் கொடுத்தால் கிட் பிழையாகவே வாசித்து, முகம் கோணாமல் விடை சொல்லும். எந்த நோட்டிடம் கேட்பது, காஸ் கட்டணம் எவ்வளவு, இந்தக் கணக்கின் எத்தனையாவது பரிவர்த்தனை இது, தனிச்சாவியால் எதன்மீது ஒப்பமிடுவது, திரும்பி வந்த பைட்டுகளை எப்படி மனிதர் வாசிக்கும் சொல்லாக்குவது, எல்லாம் கிட்டின் கையில். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9,007,199,254,740,991 வரைதான் பிசகாமல் நிற்கும். நூறில் ஒரு பங்கு ஈதரையே அதன் மிகச்சிறிய அலகில் எழுதினால் அந்த எல்லை தாண்டிவிடும். கிட் பெரிய எண்ணுக்கான தனி வகையைப் பயன்படுத்துவதால்தான் கணக்கு நிற்கிறது. நடுவில் ஒருவர் அதைச் சாதாரண எண்ணாக மாற்றிவிட்டால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிப்போகும். ஈதர்ஸ், வெப்3, வியெம் என்று கிட்டுகளுக்குப் பெயர்கள் பல. வேலை ஒன்றுதான். இவ்வளவையும் செய்கிற ஒன்றைக் குழாய் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நமக்கு இந்த வேலையைச் செய்கிறவரை முன்பே தெரியும். புதுக்கடையில் நொத்தாரிசிடம் போய்க் காணி உறுதி எழுதியவர்களைக் கேளுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இந்தத் தீவில் காணி கைமாறுவதற்கு ஒரு விதி வைத்தது: எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசின் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும், இரண்டு சாட்சிகளாவது நிற்க வேண்டும். பின்னால் வந்த நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம், வாசிக்க முடியாதவருக்கு உறுதியை வாசித்து விளங்கப்படுத்த வேண்டும் என்றது. ஏன் இவ்வளவு இறுக்கம்? பதிவகத்தில் ஏறிவிட்டதைப் பிறகு அழிப்பது பெரும்பாடு. ஆகவே அதற்குள் போவதை எழுதுகிற கையைச் சட்டம் பிடித்துக்கொண்டது. உறுதியில் வயலின் எல்லையைப் பிழையாக எழுதி ஒப்பம் வாங்கிவிட்டால், பதிவகம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் வயல் போய்விடும். யாழ்ப்பாணத்தில் அப்படிக் காணி இழந்த குடும்பங்களின் கதை வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளே இன்று “பதிவு மாறாது, ஆகவே பயமில்லை” என்கிறார்கள். பதிவு மாறாது என்பதுதான் பயப்படுவதற்குக் காரணம்.

“கிட் திறந்த மூலம், ஆயிரம் கண்கள் பார்க்கின்றன” என்பது அடுத்த வாதம். பார்க்கப்படுவது ஒன்று, உங்கள் கணினியில் வந்து இறங்குவது இன்னொன்று. 2024 டிசம்பர் 2ஆம் திகதி சொலானா என்ற இன்னொரு சங்கிலியின் ஜாவாஸ்கிரிப்ட் கிட்டை வெளியிடும் உரிமையுள்ள கணக்கொன்று திருடர் கைக்குப் போனது. 1.95.6, 1.95.7 என்று இரண்டு பதிப்புகள் வெளிவந்தன. தனிச்சாவியைத் தொடுகிற இடத்தில் அதைக் களவாக வெளியே அனுப்பும் சில வரிகள் அவற்றில் சேர்ந்திருந்தன. சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தச் சில மணி நேரத்தில் வழமைபோல் “அண்மைய பதிப்பைப் போடு” என்று கட்டளை கொடுத்தவர்களின் நிரல்கள் தங்கள் சாவியைத் தாங்களே கொண்டுபோய்க் கொடுத்தன. சொலானாச் சங்கிலியில் ஒரு பிழையும் இல்லை. ஒப்பந்தங்களில் ஒரு பிழையும் இல்லை.

நாலு மாதம் கழித்து, 2025 ஏப்ரலில், எக்ஸ்ஆர்பி லெட்ஜர் என்ற சங்கிலியின் கிட்டுக்கு இதே கதி. திறந்த மூலக் களஞ்சியத்தில் இல்லாத பதிப்புகள், நிரல்கள் கிட்டை இறக்கிக்கொள்ளும் பொதியகத்தில் மட்டும் தோன்றின. ஆயிரம் கண்கள் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. சாமான் வேறு வாசலால் வந்தது. அதற்கு முன், 2023 டிசம்பர் 14ஆம் திகதி, லெட்ஜர் என்ற வேறொரு நிறுவனத்தின் கனெக்ட் கிட். அந்த நிறுவனத்தை விட்டுப் போன ஒரு ஊழியரின் கணக்கு தூண்டிலில் சிக்க, அதன்வழி நச்சு நிரல் கிட்டுக்குள் போனது. அந்தக் கிட்டை நம்பிய பல தளங்களில் ஒரே நேரத்தில் மக்கள் ஒப்பமிட்டது ஒன்று, போனது வேறொன்று. சில மணி நேரத்தில் இலட்சக்கணக்கான டொலர் பறிபோனது. வன்பொருள் சாவி விற்கிற கம்பனியின் கிட்டுக்கே இந்த நிலை என்றால், கொட்டாஞ்சேனை மாடியில் இருந்து எழுதுகிற பிள்ளைக்கு யார் காவல்?

“ஒப்பந்தத்தைத் தணிக்கை செய்தாகிவிட்டது” என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒப்பந்தத்திலும் ஓட்டைகள் இருந்தன என்பது உண்மை. 2016 ஜூனில் ‘த டாவ்’ ஒப்பந்தத்திலிருந்து 36 இலட்சம் ஈதர் வடிந்தது. 2017 நவம்பரில் பாரிட்டி பணப்பையின் நிரல் நூலகத்தில் யாரோ ஒருவர் கை வைத்ததில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஈதர் இன்றுவரை உறைந்து கிடக்கிறது. அந்த அடிகளுக்குப் பிறகுதான் தணிக்கை ஒரு தொழிலாக வளர்ந்தது. நல்லது. ஆனால் எல்லோரும் முன் கதவுக்குப் பூட்டு மேல் பூட்டாகப் போட்டுக்கொண்டிருக்க, திருடன் குசினிக் கதவுக்குப் போய்விட்டான். 2021 டிசம்பரில் பட்ஜர்டாவ் தளத்தின் ஒப்பந்தங்களை யாரும் உடைக்கவில்லை. தளத்தின் முகப்பில் நிரல் செருகி, மக்களிடம் அனுமதிச் சீட்டுகளை வாங்கி, ஏறத்தாழ 12 கோடி டொலரை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கொட்டாஞ்சேனைத் திரையில் 35 என்று காட்டி 35 இலட்சம் கோடிக்குப் போனதே, அதே அனுமதிச் சீட்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக 2025 பெப்ரவரி 21. பைபிட் பரிவர்த்தனையகத்தின் பெட்டகம் ‘சேஃப்’ என்ற ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த ஒப்பந்தம் பலமுறை தணிக்கை செய்யப்பட்டது. ஒருவர் போதாது, பலர் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட்டவர்களிடம் வன்பொருள் சாவியும் இருந்தது. பிழைத்தது, அவர்களுக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையில் இருந்த திரை. அதை உருவாக்குபவர் ஒருவரின் கணினி வழியாக உள்ளே வந்தவர்கள், பைபிட்டுக்கு மட்டும் வேறு ஜாவாஸ்கிரிப்ட் போகும்படி செய்திருந்தார்கள். திரையில் வழமையான பணமாற்றம். ஒப்பமிட்டதோ பெட்டகத்தின் நிரலையே மாற்றி எழுதும் உத்தரவு. நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட ஈதர், ஏறத்தாழ 150 கோடி டொலர் போனது. வட கொரியாவின் கை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் இந்த நாட்டுக்கு நாலு வருடத்துக்கென்று அனுமதித்த கடன் ஏறத்தாழ 300 கோடி டொலர். அதற்காக நாம் வரி கட்டினோம், மின்கட்டணம் கட்டினோம். அதில் பாதித் தொகை ஒரு திரை பொய் சொன்னதால் ஒரே நாளில் போனது.

வாசிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். “எழுதுவதில்தான் ஆபத்து, சங்கிலியை வாசிப்பதில் என்ன வந்தது?” என்று கேட்கிறார்கள். கிட் சங்கிலியை வாசிப்பதில்லை. சங்கிலியை வைத்திருக்கும் ஒரு நோட்டிடம் கேட்கிறது. அந்த நோட் சொன்னதை உங்களிடம் சொல்கிறது. பல நிரல்கள் கேட்பது ஒரு சில கம்பனிகளின் நோட்டுகளிடம். 2020 நவம்பர் 11ஆம் திகதி அவற்றில் ஒன்றான இன்ஃபியூரா நிறுவனம் பழைய பதிப்பு நோட்டுகளை ஓட்டிக்கொண்டிருந்ததால் அவை மற்றவர்களின் சங்கிலியிலிருந்து பிரிந்து நின்றன. எதேரியம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இன்ஃபியூராவை நம்பியிருந்த பணப்பைகளும் தளங்களும் குருடாகிவிட்டன. 2022 மார்ச்சில் அதே நிறுவனம் தடைப் பட்டியலைப் பிழையாக அமைத்ததில் வெனிசுவேலா மக்கள் தங்கள் பணப்பையைத் திறக்க முடியாமல் நின்றார்கள். ஒரு கம்பனியின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி. நாளைக்கு அந்த வரியில் இலங்கையின் பெயர் வரலாம். இடையில் ஆள் இல்லை என்று சொல்லிச் சொல்லி, எல்லோரும் ஒரு சில ஆட்களின் வாசலில் போய் நிற்கிறோம்.

இந்த நம்பிக்கை இங்கே ஏன் இவ்வளவு ஆழமாக வேர் பிடித்தது என்று எனக்குத் தெரியும், அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. 2008இல் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தபோது வாழ்நாள் சேமிப்பைத் தொலைத்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தபோது, ரூபாயில் வைத்திருந்த சேமிப்பு கண்முன்னே உருகியது. நடுவில் இருந்தவர்கள் எல்லோரும் ஏமாற்றினார்கள் என்று நினைப்பவனிடம் “இனி நடுவில் எவரும் இல்லை” என்று சொன்னால் அவன் ஓடித்தான் வருவான். அவனுடைய காயம் உண்மை. அவனுக்கு விற்கப்படும் மருந்து பொய். மத்திய வங்கி 2018இலும் 2021இலும் 2022இலும் மெய்நிகர் நாணயம் பற்றி எச்சரித்தது. அந்த எச்சரிக்கைகள் நாணயத்தைப் பற்றியவை. அதே மத்திய வங்கி, வங்கிகள் வாடிக்கையாளர் விபரங்களைப் பகிர்ந்துகொள்ள பிளொக்செயின் முன்மாதிரி ஒன்றையும் பரிசோதித்தது. நாணயம் இல்லாத அந்த இடத்திலும் கிட் இருக்கும். அங்கேயும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை யாரோ ஒருவர் ஒரு திரையில் தட்டச்சுச் செய்து ஒரு கிட் வழியாக உள்ளே அனுப்பித்தான் ஆக வேண்டும்.

நம்முடைய நெல் விவசாயிகளின் உதாரணமும் இருக்கிறது. 2019இல் ஒக்ஸ்பாம், ஏயோன், எதரிஸ்க் மூன்றும் சேர்ந்து இலங்கையில் நெல் விவசாயிகளுக்கு ஸ்மார்ட் ஒப்பந்தத்தில் ஓடும் பயிர்க் காப்புறுதியைக் கொண்டுவந்தன. வானிலை பிழைத்தால், இழப்பைக் காட்டி விண்ணப்பம் போட்டு அலையாமல் பணம் வரவேண்டும் என்பது எண்ணம். அருமையான எண்ணம், அது வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் மழை ஒப்பந்தத்துக்குள் பெய்வதில்லை. எத்தனை மில்லிமீற்றர் என்ற எண்ணை வெளியிலிருந்து ஒரு நிரல், ஒரு கிட் வழியாக, உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும். எந்தக் குளத்தடி வயல், யாருடைய பெயர், எவ்வளவு காப்பு என்பதும் அப்படியே. அந்த விவசாயியின் விதி ஒப்பந்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அந்த எண்ணைக் கொண்டுபோகிற கையிலும் இருக்கிறது.

இதையெல்லாம் அந்நியர் கட்டிய சாமான் என்று ஒதுங்கவும் முடியாது. எவர்நோட் (Evernode) என்ற ஸ்மார்ட் ஒப்பந்தத் தளத்தின் பொறியியலில் பெரும்பங்கு கெவியோ நிறுவனத்தின் இலங்கைப் பொறியியலாளர்களுடையது. அதில் ஒப்பந்தம் ஹொட்பொக்கெற் என்ற இயந்திரத்தில், பல கணினிகளில் ஒரே நேரத்தில் ஓடுகிறது. அதன் கிளையன்ட் கிட்டில் இரண்டு வகைப் பேச்சு உண்டு. உள்ளீடாக அனுப்பினால் எல்லாக் கணினிகளும் ஒத்துக்கொண்ட பிறகு விடை வரும். வாசிப்புக் கோரிக்கையாக அனுப்பினால், இணைந்திருக்கும் ஒரு கணினி தான் அறிந்ததைச் சொல்லும். வேகமாக வரும், ஆனால் ஒத்துக்கொண்ட விடை அல்ல. இரண்டும் வேறு வேறு பெயரில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்கின்றன. எத்தனை கணினிகளோடு இணைய வேண்டும், எவருடைய பொதுச்சாவியை நம்ப வேண்டும் என்பதையும் நிரல் எழுதுபவரே கிட்டுக்குச் சொல்லலாம். நம்பிக்கை எங்கே இருக்கிறது என்பதை ஒளிக்காமல் கையில் தருகிற அமைப்பு இது. இதைப் படிப்பிக்கும்போது அந்த வேறுபாட்டைத் தாண்டி ஓடிப்போய் “பார்த்தீர்களா, ஒப்பந்தம் பேசிவிட்டது” என்று சொல்வது, கட்டியவர்களின் உழைப்புக்கும் செய்கிற அநியாயம்.

நான் இந்தத் தொழில்நுட்பத்தின் எதிரி இல்லை. கிட் இல்லாமல் ஒப்பந்தத்தோடு பேசுவது பெரும்பாடு. பைட்டுகளைக் கையால் அடுக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. கிட்டுக்கு நொத்தாரிசின் பொறுப்பைக் கொடுங்கள் என்கிறேன். பதிப்பிலக்கத்தைப் பூட்டி வையுங்கள். புதிய பதிப்பு வந்த அன்றே ஏற்றாதீர்கள், நாலு நாள் பொறுங்கள். பணம் பற்றிய கேள்வி என்றால் ஒரே நோட்டை நம்பாமல் இன்னொரு கம்பனியின் நோட்டிடமும் கேளுங்கள். விடைகள் முரண்பட்டால் நிறுத்துங்கள். தேவையான தொகைக்கு மட்டும் அனுமதி வாங்குங்கள். பற்றுச்சீட்டு வரும்வரை பச்சை விளக்கைப் போடாதீர்கள். தசமதானத்தை டோக்கனிடமே கேட்டு வாங்குங்கள். மனதில் வைத்து எழுதாதீர்கள். இவை ஒன்றும் இரகசியங்கள் இல்லை. நாலு வரியை நாற்பது வரியாக்குகிற வேலை. அந்த முப்பத்தாறு வரியும்தான் தொழில்.

ஒன்று மட்டும் எவரும் செய்து தரப்போவதில்லை, அதை நாம்தான் செய்ய வேண்டும்: தமிழ். ஒப்பமிடும் திரையில் வருவது ஒன்றில் எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட வால், இல்லாவிட்டால் ஆங்கிலம். கொட்டாஞ்சேனைத் தாயாருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். அவருடைய காணி உறுதியாக இருந்தால் வாசித்து விளங்கப்படுத்த ஒருவரைச் சட்டம் நிறுத்தியிருக்கும். அவருடைய சீட்டுக்கு யார்? எதேரியத்தில் ஒப்பமிடப்படும் தகவலைப் பெயரிட்ட பகுதிகளாகக் காட்டும் முறை வந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. அந்தப் பகுதிகளை “யாருக்கு, எவ்வளவு, எதற்காக, எதுவரை” என்று தமிழில் காட்ட ஒரு கிட்டில் ஐம்பது வரி போதும். வெள்ளவத்தையில் இதை எழுதக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். வகுப்பு நடத்துகிறவர்களே, அடுத்த சனிக்கிழமை ஒப்பந்தம் எழுதுவதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இதைப் பாடமாகக் கொடுங்கள்.

அந்த மூன்று பேரும் பொத்தானை மாற்றிவிட்டார்கள். இப்போது “அனுப்பியது”, “ஏறிவிட்டது”, “திரும்பி வந்தது” என்று மூன்று நிலை காட்டுகிறது. தசமதானமும் சரியாகிவிட்டது. தமிழில் வாசித்துக் காட்டும் திரை இன்னும் எழுதப்படவில்லை. அது வரும்வரை அம்மாவின் சீட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சீட்டு இப்போதும் அப்பியாசக் கொப்பியில்தான் ஓடுகிறது: திகதி, பெயர், தொகை, காசை எண்ணி வாங்கியபின் ஒரு கோடு.